பழைய வலை ஈயத்தை வீட்டில் வார்ப்பது: எதற்குக் கட்டும், எதற்குக் கட்டாது

கேள்வி இது. திருகோணமலையில் கரையோரம் வீடு. பழைய வலைகளிலிருந்து கழற்றிய ஈயம் 15 கிலோ அளவில் கிடக்கிறது. 9 அடி வீச்சுவலை ஒன்றுக்கு ஈயம் கட்ட வேண்டும். தூண்டிலுக்கு 50 கிராமில் 40 குண்டும் 100 கிராமில் 20 குண்டும் வேண்டும். இரவில் போட்டுவிட்டு வரும் வலையின் தலைப்புகளுக்கு 2 கிலோவில் நான்கு பாரம் வேண்டும். எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் கட்டுபடியாகாது. ஈயம் போதாவிட்டால் பழைய வாகனப் பற்றறியை உடைத்துச் சேர்க்கலாமா? குசினியில் காஸ் அடுப்பில் உருக்கலாமா? பிளாஸ்ரர் ஒஃப் பாரிஸில் அச்சு செய்யலாமா? வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது.

வார்க்கலாம். ஆனால் பற்றறி வேண்டாம், குசினியும் வேண்டாம். பிளாஸ்ரர் அச்சும் இதற்குச் சரிவராது. கேள்வியின் கடைசியில் சொன்ன அந்தப் பிள்ளையின் வயதுதான் முழு வேலையையும் எங்கே, எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கிறது. உருகிய ஈயம் சுடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் நெருப்பில் கவனமாக இருப்போம். ஈயத்தூள் உடுப்பிலும் நகத்திலும் ஒட்டி வீட்டுக்குள் வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை.

முதலில் ஈயம் உண்மையில் போதாதா என்று பார்ப்போம். வீச்சுவலைக்கு ஏறத்தாழ 5 கிலோ, தூண்டில் குண்டுகளுக்கு 2 கிலோவும் 2 கிலோவும், ஆக 9 கிலோ. தலைப்புப் பாரம் நான்குக்கும் 8 கிலோ. மொத்தம் 17 கிலோ. கையில் 15 கிலோ, அதிலும் ஒரு கிலோவாவது கசடாகக் கழியும். பற்றறி யோசனை வருவதற்கு அந்த நான்கு பாரங்கள்தான் காரணம். அவற்றை ஈயத்தில் செய்யத் தேவையே இல்லை.

கடலுக்குள் ஒரு பொருள் தன் கன அளவுக்குச் சமமான கடல்நீரின் எடையை இழக்கும். ஈயத்தின் அடர்த்தி 11.34, கடல்நீரின் அடர்த்தி 1.025. ஆகவே 1 கிலோ ஈயம் தண்ணீருக்குள் 910 கிராமாக நிற்கும். 1 கிலோ இரும்பு 870 கிராமாக நிற்கும். கொங்கிறீற் பெருமளவு இழக்கும், 1 கிலோ ஏறத்தாழ 555 கிராமாகிவிடும். 2 கிலோ ஈயப் பாரம் செய்யும் வேலையை 2.1 கிலோ இரும்பு செய்யும், அல்லது 3.3 கிலோ கொங்கிறீற் செய்யும். 3.3 கிலோ கொங்கிறீற் என்பது 1.4 லீற்றர்தான். 1.5 லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டிவிட்டு அதையே அச்சாக வைக்கலாம். சீமெந்து 1, ஆற்றுமணல் 2, பொடிச் சல்லி 3 என்ற அளவில் குழைத்து நிரப்புங்கள். கயிறு போக நடுவே அரை அங்குலப் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை வைத்துவிட்டால் இரும்பு வளையமும் வேண்டாம், துருவும் வராது. ஒரு வாரம் ஈரச்சாக்கால் மூடி வைத்து இறுகவிட்டால் போதும். நான்கு பாரத்துக்கும் சேர்த்து ஒரு வாளிச் சீமெந்துகூடச் செலவாகாது, 8 கிலோ ஈயமும் மிச்சம்.

கல்லும் பாறையும் உள்ள அடித்தளத்தில் தூண்டில் போடுவதற்கும் இதே யோசனைதான். சிக்கி அறுந்துபோகும் இடத்தில் வார்த்த ஈயத்தை இழப்பது நட்டம். கராஜில் கழித்துப்போட்ட ஸ்பார்க் பிளக் ஒன்று 40, 50 கிராம் இருக்கும். அதையோ பெரிய இரும்பு நட்டையோ தாய்நூலை விட மெல்லிய நூலில் கட்டுங்கள். சிக்கினால் அந்த மெல்லிய நூல் அறுந்து பாரம் மட்டும் போகும், மீனும் தூண்டிலும் கையோடு வரும். ஈயம் உண்மையில் தேவைப்படுவது சின்னப் பருமனில் பெரிய எடை வேண்டிய இடங்களில்தான்: வீச்சுவலையின் அடிக்கயிறு, நீரோட்டத்தில் கீழே நிற்க வேண்டிய தூண்டில்.

செலவுக் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். பழைய ஈயம் சும்மா கிடப்பதால் இலவசம் என்று எண்ணக்கூடாது. பழைய இரும்புக் கடைக்காரர் அதற்கு என்ன விலை தருவார் என்று கேளுங்கள். குண்டின் கடைவிலையிலிருந்து அந்த விலையைக் கழித்தால் வருவதுதான் கிலோவுக்கான உண்மையான இலாபம். அதை 9 ஆல் பெருக்கி, அச்சு, முகமூடி, கையுறை, சட்டி, கரி ஆகியவற்றின் செலவைக் கழியுங்கள். ஒருமுறை 9 கிலோ மட்டும் வார்ப்பவருக்கு அச்சுக்கூலியே இலாபத்தை விழுங்கிவிடக்கூடும். அக்கம்பக்கத்தில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஓர் அச்சுச் செற் செய்து, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருடைய ஈயத்தையும் ஒரே நாளில் வார்த்தால் கணக்கு நன்றாகவே கட்டும். ஈயத்தூள் படும் நாட்களும் அப்படிக் குறையும்.

இனி ஈயத்தைத் தெரிவது. உங்களிடம் இருப்பது வலையில் கிடந்த ஈயம், அதைவிட நல்லது இல்லை. அது பெரும்பாலும் மென்மையானது, நகத்தால் கீறினால் கோடு விழும், தரையில் போட்டால் ‘டொப்’ என்று விழும். ‘டிங்’ என்று ஒலித்தால் அந்திமனி என்ற உலோகம் கலந்த கடின ஈயம். கடின ஈயம் துளைக்குண்டுக்குப் பரவாயில்லை. நூலில் நசுக்கிப் பிடிக்கும் பிளவுக்குண்டுக்கு ஆகாது, நசுக்கும்போது வெடித்துவிடும். ரயர்க் கடைகளில் ரிம்மில் அடிக்கும் சமநிலைக் கட்டிகள் கடின வகை. அவற்றில் இப்போது இரும்பும் நாகமும் (துத்தநாகம்) கலந்து வருகின்றன. எஃப்-ஈ என்ற எழுத்து இருந்தால் இரும்பு, இசெட்-என் என்று இருந்தால் நாகம். நாகம் 419 பாகை செல்சியசில் உருகும். சட்டி அதிகம் சூடாகி அது ஈயத்தில் கரைந்துவிட்டால் முழு ஈயமும் கஞ்சிபோலத் தடித்து அச்சின் மூலைகளுக்குப் போகாது. பிறகு அதைப் பிரித்தெடுக்க வீட்டில் வழி இல்லை.

பற்றறியை ஏன் தொடவேகூடாது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது வெறும் ஈயத் தகடு அல்ல. தட்டுகளில் பூசியிருப்பது ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும், அவை தூளாக உதிரும். அதோடு சல்பூரிக்கமிலம். விறகு அடுப்பின் சூட்டில் அந்தப் பூச்சு நல்ல ஈயமாக மாறாது, கசடாகவும் தூசியாகவும் புகையாகவும்தான் போகும். கிடைக்கும் உலோகம் பார்த்த பருமனுக்கு மிகக் குறைவு. சில பற்றறிகளில் ஈயத்தோடு கல்சியமும், வேறு சிலவற்றில் அந்திமனியும் ஆசனிக்கும் இருக்கும். இவை கலந்த கசட்டில் ஈரம் பட்டால் ஆசைன், ஸ்டிபைன் என்ற கொடிய நச்சு வாயுக்கள் வரக்கூடும். செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கருக்குப் பக்கத்தில் தியாரோய் சுர் மெர் என்ற கரையோர ஊரில் பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். அந்த மண்ணைச் சலித்தும் ஈயம் விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அங்கே 18 பிள்ளைகள் இறந்தார்கள். அவர்கள் யாரும் ஈயம் உருக்கியவர்கள் அல்லர், அந்த மண்ணில் விளையாடியவர்கள். பழைய பற்றறியை முழுதாகவே விற்றுவிடுங்கள்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. நிலத்தில் கிண்டும்போதோ கரையில் ஒதுங்கியோ கிடைக்கும் துப்பாக்கிச் சன்னம், கோது, உருளை, எதுவானாலும் சட்டிக்குள் போடக்கூடாது. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியர் இந்தத் துறைமுகத்தில் குண்டு போட்ட நாளிலிருந்து பிந்திய போர்க்காலம் வரை இந்த மண்ணிலும் கடலடியிலும் எத்தனையோ விதமான வெடிபொருள் விழுந்திருக்கிறது. துருவேறிய சன்னத்தில் மருந்து இருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. தொடாமல் விட்டுப் பொலிசுக்கு அறிவியுங்கள்.

வலை ஈயத்திலேயே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஒரு மணியை எடுத்து துளையைப் பாருங்கள். உள்ளே அறுந்த கயிற்றுத் துண்டு இறுகியிருக்கும், அதற்குப் பின்னால் உப்பும் மணலும், அவற்றுக்குள் கடல்நீர். வெளியே தொட்டால் காய்ந்துதான் இருக்கும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600, 1,700 மடங்கு பெருக்கும். அப்படிப்பட்ட மணி ஒன்று உருகிய ஈயத்துக்குள் அமிழ்ந்தால் அந்த ஒரு சொட்டு நீர் சட்டியிலுள்ள ஈயம் முழுவதையும் முகத்தில் அடிக்கும். ஆகவே ஒவ்வொரு துளையையும் கம்பியால் குத்திக் கயிற்றை எடுங்கள். நல்ல தண்ணீரில் உப்புப்போகக் கழுவுங்கள். கழுவிய நீரைக் கிணற்றடியில் ஊற்றாமல் வாளியிலேயே மண்டியவிட்டு, அடியில் தங்கும் வெள்ளைப் பொடியைக் கசட்டோடு சேருங்கள். பிறகு மூன்று நாள் நல்ல வெயில். இவ்வளவுக்கும் பிறகும், ஈயத்தைக் குளிர்ந்த சட்டியில் போட்டு சட்டியோடு சேர்த்தே சூடாக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஈயம் உருகுமுன்பே ஆவியாகிப் போய்விடும். உருகிய சட்டிக்குள் புதிய துண்டு போடுவது என்ற பழக்கமே வேண்டாம். ஒரு சட்டி முடிந்தபின் அடுத்ததைக் குளிர்ந்த நிலையில் தொடங்குங்கள்.

காலமும் முக்கியம். வாடைக்காலத்தில், கார்த்திகை மார்கழியில், காற்றிலேயே ஈரம். அச்சு, கரி, ஈயம் எதுவும் உலராது. கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடி ஆவணியில் எல்லாம் காய்ந்திருக்கும். காற்றும் மேற்கிலிருந்து ஒரே திசையில் கடலை நோக்கிப் போகும். முதுகைக் காற்றுக்குக் காட்டி நின்றால் புகை முன்னால் போய்விடும். மழை முகில் தெரிந்தால் அன்றைக்கு அடுப்பு மூட்ட வேண்டாம்.

இடம் திறந்த வெளியாக இருக்க வேண்டும். வீடு, கிணறு, கோழிக்கூடு, மரக்கறிப் பாத்தி எல்லாவற்றுக்கும் தள்ளி, காற்றுக்குக் கீழ்ப்பக்கம் யாரும் இல்லாத இடம். வெறும் மணலில் கால் இடறினால் சட்டி சரியும். கொங்கிறீற் தரையில் உருகிய ஈயம் கொட்டினால் உள்ளே இருக்கும் ஈரத்தால் தரை வெடித்துச் சிதறும். மூன்று செங்கல் அடுப்பு, அதைச் சுற்றிக் காய்ந்த பழைய இரும்புத் தகடு, அவ்வளவு போதும். சிரட்டைக்கரி நல்ல நிதானமான சூடு தரும்.

சட்டி பெரிதாக வேண்டியதில்லை. 5 கிலோ ஈயம் 440 மில்லிலீற்றர்தான், இரண்டு தேநீர்க் கோப்பை. அடிதடித்த சின்ன இரும்புத் தாச்சி ஒன்று, இரும்பு அகப்பை ஒன்று. அலுமினியச் சட்டி வேண்டாம், அது 660 பாகையில் உருகும். கரி அடுப்பின் நடுவில் அந்தச் சூடு எளிதாக வரும், அடி பெயர்ந்தால் 5 கிலோ ஈயமும் நெருப்புக்குள் கொட்டும். நாகமுலாம் பூசிய வாளியும் வேண்டாம். உருக்கிய தாச்சியும் அகப்பையும் இனி ஒருநாளும் குசினிக்குப் போகக்கூடாது. வெளிச்சுவரில் ஆணியடித்து, பிறர் எடுத்துவிடாதபடி மேலே சிவப்புப் பெயின்ற் பூசித் தொங்கவிடுங்கள்.

உடுப்பு: முழுக்கால்சட்டை, முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய தோல் சப்பாத்து, தோல் கையுறை, முகம் முழுதும் மறைக்கும் பிளாஸ்ரிக் மறைப்பு. சாரமும் செருப்பும் வேண்டாம். கால்சட்டை சப்பாத்துக்கு வெளியே விழ வேண்டும், உள்ளே செருகினால் தெறிக்கும் ஈயம் நேராகச் சப்பாத்துக்குள் இறங்கும். முகமூடி நுண்தூசியைப் பிடிக்கும் பி-100 வகை வடிகட்டி பொருத்தியதாக இருப்பது நல்லது. மருத்துவமனையில் கட்டும் துணி முகமூடி ஈயத்தூசிக்கு ஒன்றும் செய்யாது.

அச்சுக்கு வருவோம். பிளாஸ்ரர் மலிவுதான், ஆனால் அது இறுகுவதே தண்ணீரைத் தனக்குள் கட்டிக்கொண்டுதான். வெயிலில் எத்தனை நாள் வைத்தாலும் அந்தத் தண்ணீர் போகாது. ஈயத்தின் சூடு பட்டதும் அது ஆவியாக வெளியே வரும். முதல் வார்ப்பே துப்பலாம், நாலைந்து வார்ப்பில் அச்சு வெடிக்கும். வீச்சுவலைக்கு வேண்டிய 250 ஈயமணிகளை வார்க்க அது தாங்காது. அலுமினிய அச்சுதான் சரி. அலுமினியத்தில் ஈயம் ஒட்டாது, சூடும் சீராகப் பரவும். ஒருமுறை செய்தால் ஆயுள் முழுக்க வரும்.

லேத் வேலைத்தளத்தில் இப்படிச் சொல்லுங்கள். இரண்டு அலுமினியக் கட்டைகளை முகத்தோடு முகம் பொருத்தி இரண்டு 6 மில்லிமீற்றர் ஊசிகளால் நிலைப்படுத்தி, இறுக்கிப் பிடித்து, அவை சேரும் கோட்டின் மேலேயே நேராகத் துளையிட வேண்டும். கட்டைகளைப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் அரைவட்டக் கால்வாய் இருக்கும், வார்த்த உருளை சிக்காமல் விழும். துளைகளுக்கிடையே 25 மில்லிமீற்றர் விட்டு ஒரு கட்டையில் ஐந்து துளை போடலாம். கட்டையின் உயரம்தான் குண்டின் நீளம், மேல்பக்கம் திறந்தே இருக்கும். அடியில் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஒரு தகடு, ஒவ்வொரு துளையின் நடுவிலும் அதிலிருந்து ஓர் ஊசி நிமிர்ந்து கட்டைக்கு மேலே நீண்டு நிற்க வேண்டும். அந்த ஊசிதான் குண்டுக்குத் துளை தரும்.

அளவுகள்: 50 கிராமுக்கு 14 மில்லிமீற்றர் விட்டம், 29 உயரம், 2 மில்லிமீற்றர் ஊசி. 100 கிராமுக்கு 18 விட்டம், 35 உயரம், அதே 2 மில்லிமீற்றர் ஊசி. வீச்சுவலைக்கு 20 கிராம் மணி: 10 விட்டம், 27 உயரம், கயிறு போக 4 மில்லிமீற்றர் ஊசி. 2 மில்லிமீற்றர் ஊசிக்கு துருப்பிடிக்காத சைக்கிள் சில்லுக் கம்பியே சரியான பருமன். வேறு வடிவத்தில் அச்சு கிடைத்தால் அதன் எடையை அறிய எளிய வழி: பாமசியில் வாங்கும் 10 மில்லிலீற்றர் ஊசிக்குழாயால் அச்சின் குழியை நீரால் நிரப்புங்கள். பிடித்த மில்லிலீற்றரை 11.3 ஆல் பெருக்கினால் கிராம். 4.4 மில்லிலீற்றர் பிடித்தால் 50 கிராம். இதை வார்க்கும் நாளில் செய்யாமல் ஒரு வாரம் முன்னதாகச் செய்து காயவையுங்கள்.

வார்க்குமுன் குழிகளிலும் ஊசிகளிலும் குப்பிவிளக்கின் கரி படியக் காட்டுங்கள். மெல்லிய கறுப்புப் படலம் போதும், ஈயம் நன்றாக ஓடும், எளிதில் கழலும். எண்ணெய் பூசக்கூடாது. அது கொதித்து வாயுவாகிக் குண்டில் குமிழ் விடும். அச்சை அடுப்பின் விளிம்பில் வைத்துக் கையுறையோடும் நீண்ட நேரம் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாக்குங்கள்.

ஈயம் 327 பாகையில் உருகும், வார்ப்பதற்கு 370 முதல் 400 வரை நல்லது. வெப்பமானி இருந்தால் சரி. இல்லாவிட்டால் மேற்பரப்பைப் பாருங்கள். வழித்தவுடன் கண்ணாடிபோல வெள்ளி நிறமாகத் தெரிந்து, சற்று நேரத்தில் சாம்பல் படலம் கட்டினால் அளவான சூடு. வழித்த கணமே பொன்னிறமும் ஊதாவும் நீலமுமாக மினுங்கினால் மிகைச்சூடு. கரியை ஒதுக்குங்கள். சூடு ஏற ஏற கசடும் புகையும் கூடும், குண்டு ஒன்றும் அழகாகாது.

முழுதும் உருகியதும் கொண்டைக்கடலை அளவு மெழுகுதிரி மெழுகைப் போட்டு அகப்பையால் அடிவரை கிளறுங்கள். அது புகைத்து, சிலவேளை தீப்பிடித்தும் எரியும், தலையை விலக்கி நில்லுங்கள். மெழுகு ஒட்சைட்டின் ஒரு பகுதியைத் திரும்ப ஈயமாக்கும், மிச்ச அழுக்கை மேலே கொண்டுவரும். மேலே மிதக்கும் சாம்பல் நிறப் பொடியை மெதுவாக வழித்து, இறுக்கமான மூடி உள்ள மாப்பால் பேணி ஒன்றில் போட்டு உடனே மூடுங்கள். வீசி எறிவது, தட்டுவது, ஊதுவது எதுவும் வேண்டாம். முழு வேலையிலும் மோசமான பொருள் இந்தப் பொடிதான்.

வார்க்கும்போது அகப்பையில் ஐந்து துளைக்கும் போதுமானதை அள்ளி, ஒவ்வொரு துளையையும் நிறுத்தாமல் ஒரே ஓட்டத்தில் நிரப்புங்கள். ஈயம் உறையும்போது 3, 4 வீதம் சுருங்கும், நடுவில் பள்ளம் விழும். பளபளப்பு இருக்கும்போதே இன்னொரு சொட்டு விட்டு நிரப்புங்கள். பளபளப்பு மங்கியதும் சின்ன மணிக்கு 15 விநாடி, 100 கிராமுக்கு அரை நிமிடம் பொறுத்து, அடித்தகட்டைத் திருகி ஊசிகளை இழுத்துக் கழற்றுங்கள். முழுதும் ஆறவிட்டால் ஈயம் ஊசியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கட்டையைப் பிரித்து குண்டுகளைக் காய்ந்த பருத்தித் துணியில் விழவிடுங்கள். தண்ணீர் வாளியில் போட்டு ஆற்ற வேண்டாம். தெறிக்கும் ஒரு துளி சட்டிக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்று மேலே சொல்லியிருக்கிறேன்.

முதல் நாலைந்து வார்ப்புகள் சுருக்கம் சுருக்கமாக வரும். அச்சு இன்னும் குளிர் என்று பொருள். சூடாகவே இருக்கும் அவற்றைத் திரும்பச் சட்டிக்கே விடலாம், அவற்றில் ஈரம் இல்லை. குண்டு உறைபனி படிந்ததுபோல மங்கி வந்தால் அச்சோ ஈயமோ மிகைச்சூடு, இரண்டு நிமிடம் விடுங்கள். பக்கத்தில் மெல்லிய இறகு நீட்டினால் கட்டைகள் சரியாகப் பொருந்தவில்லை, நடுவே பழைய ஈயத்துகள் இருக்கும், துடையுங்கள். உடைத்துப் பார்த்தால் உள்ளே பொந்து இருந்தால் மேலே விட்ட சொட்டு பிந்திவிட்டது. வெளியே ஊசிமுனைத் துளைகள் வந்தால் ஈரம் அல்லது எண்ணெய். அன்றைக்கு அச்சை இன்னும் அரைமணி சூடாக்கிய பிறகே தொடருங்கள்.

துளையின் வாய் கூராக இருக்கும், அது கயிற்றை அறுக்கும். அரத்தால் ராவ வேண்டாம், தூசி பறக்கும். 8 மில்லிமீற்றர் துளையூசியின் முனையை விரலால் பிடித்து வாயில் இரண்டு சுற்றுச் சுற்றினால் சுருளாகச் சீவி வரும். கீழே பத்திரிகைத் தாள் விரித்துவையுங்கள், சீவல் முழுவதும் அதில் விழும்.

வீச்சுவலைக்கு ஆரையின் ஓர் அடிக்கு 450 முதல் 700 கிராம் வரை ஈயம் என்பது வழக்கமான அளவு. 9 அடிக்கு 4 முதல் 6 கிலோ. கொட்டியார் குடாவின் ஆழம் குறைந்த கரைகளில் 4 கிலோ போதும், நீரோட்டம் இழுக்கும் இடத்தில் வலை மெதுவாக இறங்கினால் மீன் அடியால் போய்விடும். 5 கிலோ என்று வைத்தால் 20 கிராமில் 250 மணி. வலையின் சுற்றளவு 17 மீற்றர், ஆகவே ஏறத்தாழ 7 சென்ரிமீற்றருக்கு ஒன்று. இடைவெளி சமமாக இருப்பது மொத்த எடையைவிட முக்கியம். ஒரு பக்கம் பாரம் கூடினால் வலை வட்டமாக விரியாது.

இனி வீடு. ஈயத்துக்கு இரத்தத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரே அளவு ஈயம் வயிற்றுக்குள் போனால் சின்னப் பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். மூன்று வயதுப் பிள்ளை கையை நாளில் எத்தனை தரம் வாயில் வைக்கும் என்று பெற்றவருக்குத் தெரியும். ஈயம் எலும்பில் போய்ப் பல ஆண்டு தங்கும். கர்ப்பிணியின் இரத்தத்திலிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஆகவே உருக்கும் நாளில் பிள்ளையும் கர்ப்பிணிகளும் அந்த வளவிலேயே இருக்க வேண்டாம், உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலை முடிந்ததும் சப்பாத்தை வெளியே விடுங்கள். உடுப்பை வெளியிலேயே மாற்றி, வேறாகத் துவையுங்கள். தலையோடு சேர்த்து சவர்க்காரம் போட்டுக் குளித்த பிறகுதான் வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலைக்கிடையில் தேநீர், பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரல்தான் ஈயத்தை வாய்க்குள் கொண்டுபோகும் விரல்.

வார்த்து முடித்த பிறகும் இந்தக் கவனம் தேவை. பிளவுக்குண்டைப் பல்லால் கடித்து நூலில் நசுக்குவதும், வலை கட்டும்போது மணிகளை வாயில் அடக்கிவைத்து ஒவ்வொன்றாக எடுப்பதும் நம்மிடையே இன்றும் உண்டு. இரண்டையும் விடுங்கள். குறடும், இடுப்பில் கட்டிய சின்னப் பையும் போதும். குண்டுகளை இரையோடும் சோற்றுப் பொதியோடும் ஒரே பெட்டியில் போட வேண்டாம். பிரித்தானியாவில் 28 கிராம் வரையான பெரும்பாலான ஈயத் தூண்டில் குண்டுகளின் விற்பனையை 1987 இல் தடை செய்தார்கள். ஏரிக்கரையில் சிந்திய குண்டுகளைப் பொறுக்கி விழுங்கிய அன்னங்கள் செத்ததுதான் காரணம். வளவில் சிந்தும் குண்டை நம் கோழியும் அப்படித்தான் பொறுக்கும்.

அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல், வாயில் உலோகச் சுவை, காரணமில்லாத களைப்பு, பிள்ளைக்கு இரத்தசோகை, இவற்றில் ஏதும் வந்தால் வைத்தியரிடம் ஈயம் உருக்கியதை வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த எண்ணமே வராது. இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்கிரோகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தால் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். ஈயம் தெறித்துச் சுட்டால் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் பிடியுங்கள். தோலில் ஒட்டிய ஈயத்தைப் பிய்க்க வேண்டாம், பற்பசை பூச வேண்டாம். கண்ணிலோ முகத்திலோ பட்டால் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிஞ்சும் 5 கிலோவைச் சட்டியிலேயே உறையவிடாமல், ஆங்கிள் இரும்புத் துண்டின் இரு நுனியையும் ஒட்டி அடைத்த சின்னத் தொட்டியில் அரைக்கிலோக் கட்டிகளாக ஊற்றி எடுத்துவையுங்கள். அடுத்த ஆண்டு கச்சானுக்கு அவை துளையோ கயிறோ உப்போ இல்லாமல் தயாராக இருக்கும். கசடு இருக்கும் பேணியின் மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, மேலே ‘ஈயம், நஞ்சு’ என்று எழுதி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், வீட்டுக்கு வெளியே வையுங்கள். நிலத்தில் புதைத்தால் மாரி மழையோடு கிணற்றுக்குப் போகும், கடலில் கொட்டினால் வலைக்குத் திரும்பி வரும். பேணி நிரம்பியதும் ஈயம் வாங்கும் பழைய உலோகக் கடைக்கு, உள்ளே இருப்பது என்ன என்று சொல்லி, மூடியைத் திறக்காமலே கொடுங்கள்.